காமிரா தளத்துக்குத் தண்ணீர்

பாத்திகளை உடைத்துவிட்டிருந்தார்கள். பதினெட்டில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு கரையிலும் கையகலத்துக்கு ஒரு வாய். மூன்று நாளாகத் தேங்கி நின்ற தண்ணீர் அதன் வழியே வடிந்துபோய், சாம்பல் நிறத் தளம் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. தண்ணிக்காரி குனிந்து உள்ளங்கையைத் தளத்தின்மேல் வைத்தாள். காலை ஏழே முக்காலுக்கே சூடு ஏற ஆரம்பித்திருந்தது.

"எவன்டி செஞ்சான் இதை?"

சாக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் படியேறி வந்த நாத்தனாருக்கு மூச்சு வாங்கியது. "என்னைக் கேட்டா? நானும் உங்க கூடத்தானே அண்ணி வரேன்."

தண்ணிக்காரி எழுந்திருக்கவில்லை. உடைந்த கரையின் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கடப்பாரையால் தட்டியிருக்கிறார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவள் கிளம்பும்போது பதினெட்டும் நிறைந்து நின்றன. அதற்குப் பிறகு வந்து செய்திருக்கிறார்கள்.

அந்த மைதான வேலையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருபத்திரண்டு வருஷமாக எந்தக் கட்டடத்திலும் கூப்பிட்டதில்லை. கம்பி கட்டுகிறவர்கள் கட்டி, பலகை அடிப்பவர்கள் அடித்து, காங்கிரீட் போடுகிறவர்கள் போட்டு, எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டு போன மறுநாள் காலையில் அவள் வேலை தொடங்கும். தூணுக்குச் சாக்கு சுற்றி நனைப்பாள். தளத்தின்மேல் விரற்கடை உயரத்துக்குச் சிமென்ட் கரை கட்டி, வயலில் பாத்தி பிரிப்பதுபோலப் பிரித்துத் தண்ணீர் தேக்குவாள். ஏழு நாள், முடிந்தால் பத்து நாள். இடையில் காய்ந்தால் தளம் வெடிக்கும். ஒவ்வொரு முறை தண்ணீர் விட்டதும் பக்கத்துத் தூணில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவாள். நாளைக்கு ஆறு கோடு. எழுதத் தெரியாதவள் இல்லை. எழுதினால் அழித்துவிட்டு வேறு எழுதலாம், கோட்டை எண்ணத்தான் முடியும் என்பாள்.

வீடு என்பது தகரக் கூரை போட்ட ஒரே அறை, ஒரே கட்டில். ராத்திரி அதில் அவள் படுப்பாள். கிடங்குக் காவலுக்குப் போய்விட்டுக் காலையில் வரும் புருஷன் பகலில் படுப்பான். புருஷனின் தங்கைக்கு, தன் புருஷனை விட்டு வந்து ஆறு வருஷம் ஆனவளுக்கு, கீழே பாய். "எங்க அண்ணனும் அண்ணியும் சண்டையே போட்டதில்ல. ரெண்டு பேரும் ஒண்ணா முழிச்சிருந்தாத்தானே" என்று அவள் கூட வேலை செய்பவர்களிடம் சொல்லிச் சிரிக்கவைப்பாள்.

பன்னிரண்டு நாடுகள் வந்து ஹாக்கி ஆடப்போகிற மைதானம் அது. நாற்பத்தொரு நாள் இருந்தது. சுற்றிலும் இருக்கைகள் பொருத்தியாகிவிட்டது, விளக்குக் கம்பங்கள் நின்றன, நடுவில் நீல நிறத்தில் பிளாஸ்டிக் புல்தரை விரித்தாகிவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் வந்து, காமிரா வைக்க மேற்குப் பக்கம் ஒரு தளம் வேண்டும் என்றார்கள். பதினான்கு மாதம் வராத ஞானம் கடைசி மாதத்தில் வந்தது. முக்கிய விருந்தினர்கள் நடந்து வரும் வழிக்கு நேர்மேலே, விழுந்தடித்துக்கொண்டு தளம் போட்டார்கள். போட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. அடியில் முட்டுக்கொடுத்த கம்பங்கள் இன்னும் நின்றன. அவை தெரியாமலிருக்க, மட்டையோடு ஓடும் ஒரு வீரனின் படத்தை ஆளுயரத்துக்கு ஏழு மடங்கு அச்சடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். வீரனின் முழங்கால் இருக்குமிடத்தில் காற்றடித்தால் முட்டுக்கம்பம் தெரியும்.

தண்ணிக்காரி சூப்பர்வைசரைத் தேடிக்கொண்டு இறங்கினாள். அவனுக்கு வேலையாட்கள் வைத்திருந்த பெயர் 'ஆகட்டும்'. மேலே இருப்பவர்கள் எதைச் சொன்னாலும் அவன் வாயில் வருவது அந்த ஒரு வார்த்தை. அவன் விருந்தினர் வழியில் சிவப்புக் கம்பளத்தின் ஓரத்தைக் காலால் நீவிக்கொண்டிருந்தான். பாத்தியை உடைக்கச் சொன்னது தான்தான் என்று மறைக்காமல் சொன்னான். இன்று மத்தியானம் சர்வதேசச் சங்கத்திலிருந்து மைதானத்தைச் சோதிக்க ஆள் வருகிறார்கள், மேலேயிருந்து தண்ணீர் சொட்டிக் கம்பளத்தில் விழுகிறது, அதனால்தான் என்றான்.

"கம்பளம் என்ன உப்பா தம்பி, கரைஞ்சு போக?"

அவன் சிரிக்கவில்லை. தண்ணீருக்கு இனி அவசியமே இல்லை, ஈரம் போகாமல் காக்கிற மருந்தைத் தளம் முழுக்க அடித்தாகிவிட்டது, என்ஜினியர் கையெழுத்தும் போட்டுவிட்டார் என்றான். தண்ணிக்காரி அவன் முகத்தையே பார்த்தாள். தளத்தின்மேல் அடிக்கிற அந்த மருந்து டின்னில் வரும். வந்த டின் மூடி திறக்காமல் மேலே படிக்கட்டு ஓரத்தில் கிடந்தது.

"அந்த டின் மேலதான் மூணு நாளா நான் உக்காந்து சாப்பிடுறேன். அது மேல மெழுகு கூட உடையல. எப்ப அடிச்ச நீ?"

ஆகட்டும் கைபேசியைப் பார்த்தான். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை. "ரெண்டு நாள் பொறுத்துக்கக்கா. இவங்க வந்துட்டுப் போகட்டும்."

"நான் பொறுப்பேன். அது பொறுக்காது."

மேலே போகும் குழாயைத் திறந்து பார்த்தாள். காற்றுத்தான் வந்தது. குழாயைப் பிரித்துப் புல்தரையை நனைக்கிற தொட்டியோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். லாரித் தண்ணீரும் மூன்று நாளைக்கு அந்தத் தொட்டிக்கு மட்டும் என்று உத்தரவாம்.

அவள் கோபம் சட்டென்று வருகிற வகை இல்லை. காங்கிரீட் மாதிரி நேரம் எடுத்து இறுகும். இறுகிய பிறகு உளி வைத்தாலும் பெயராது. பதினோரு வருஷம் முன்பு ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் வகுப்பறைக் கூரை வெடித்தது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, ஒரே கோடு. தண்ணீர் விடவில்லை என்று எழுதி அவளை வெளியே அனுப்பினார்கள். எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து அண்ணாந்து பார்க்கச் சொன்னான் அங்கிருந்த மேஸ்திரி. அவள் அண்ணாந்து பார்த்தாள். அடுத்த இரண்டு வருஷம், தான்தான் ஏதோ ஒரு வேளை விட்டுவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். படுத்தால் அந்தக் கோடு தெரியும். பிறகு ஒருநாள் பஸ்ஸில் பார்த்த கம்பி கட்டுகிறவன் ஒருவன், அந்தத் தளத்துக்குச் சிமென்ட்டே பாதிதான் போட்டார்கள், உனக்குத் தெரியாதா என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப்போனான். தூணில் கோடு போடும் பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

காமிரா தளம் வெடித்தால் யார் பெயரை எழுதுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. பெயர் ஒரு பக்கம் இருக்கட்டும். பத்துப் பேர் காமிராவோடு அதன்மேல் நிற்பார்கள், அடியில் விருந்தாளிகள் நடப்பார்கள். கம்பளத்தை நீவுகிறவனுக்கு அது தெரியவில்லை.

ஒன்பது மணிக்குப் புல்தரையில் ஒத்திகை நடந்தது. எட்டு மூலைமுடுக்கில் பீரங்கி மாதிரி நின்ற குழாய்கள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கித் தண்ணீரை வீசின. எட்டு வளைவு. தரை முழுக்க மின்னியது. அங்கே நின்ற மோட்டார்காரரை அவளுக்குத் தெரியும். அஸ்திவாரக் காலத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்.

"பிளாஸ்டிக் புல்லுக்கு எதுக்குண்ணே இவ்வளவு தண்ணி? வளரவா போகுது?" என்று நாத்தனார் கேட்டாள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் இப்படி நனைக்கவேண்டும் என்றார் அவர். நனைந்தால்தான் பந்து நேராக, வேகமாக ஓடும், விழுந்தால் ஆட்டக்காரன் முட்டி தேயாது. இடைவேளையில் இன்னொரு தரம்.

"அவன் முட்டிக்கு இவ்வளவு. நம்ம முட்டுக்கு ஒரு குடமும் இல்ல" என்றாள் நாத்தனார். மோட்டார்காரர் சிரித்துவிட்டு, சுற்றிப் பார்த்துக்கொண்டார். ஒரு குழாயை மேலே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று தண்ணிக்காரி கேட்டதற்கு, பிள்ளைகுட்டிக்காரனம்மா நான், என்று மட்டும் சொன்னார்.

தரையில் விழுந்த தண்ணீர் நாலாபுறமும் கம்பிமூடி போட்ட வடிகாலுக்குள் இறங்கி, மேற்கு மூலையில் ஒரு தொட்டியில் விழுந்து, அங்கிருந்து வெளிச்சாக்கடைக்கு ஓடியது. தண்ணிக்காரி அந்தத் தொட்டியின் ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். நல்ல தண்ணீர். கண்ணாடி மாதிரி. தொட்டியை ஒட்டி, நாற்பது அடி உயரத்தில், காமிரா தளம்.

"சாக்கு எத்தனை இருக்கு?"

"இருபது. எதுக்கு அண்ணி?"

"இங்கே ஒரு பாத்தி கட்டுவோம்."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வேலை போகும்."

"போனா தண்ணி விட வேற கட்டடமா இல்ல ஊர்ல?"

தொட்டியிலிருந்து சாக்கடைக்குப் போகும் வாயில் நனைத்த சாக்கைச் சுருட்டிச் சுருட்டித் திணித்தார்கள். முன்னால் செங்கல்லை அணைவைத்தார்கள். அஸ்திவாரக் குழியில் தண்ணீர் இறைத்த சின்ன பெட்ரோல் மோட்டார் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஓஸைச் சாரத்தின் வழியே கயிற்றில் கட்டி மேலே இழுத்தார்கள். தண்ணிக்காரி மேலே போய்க் கரைகளை மறுபடி கட்டினாள். சிமென்ட் குழைக்கத் தண்ணீர் இல்லை. இரண்டு பேருக்கும் குடிக்கக் கொண்டுவந்த கேனைச் சரித்தாள். கை வேலை செய்துகொண்டிருக்க, வாய் ஆகட்டுமையும் அவனுக்கு மேலே இருப்பவர்களையும் அவர்களுக்கும் மேலே இருப்பவர்களையும் வரிசையாகத் திட்டியது. ஆள் மாறியதே தவிரத் திட்டு மாறவில்லை.

பத்து மணிக்குக் கயிற்றைச் சுண்டி நாத்தனார் மோட்டாரைக் கிளப்பினாள். ஓஸ் இருமியது, பிறகு தண்ணீர் வந்தது. காய்ந்த தளத்தில் முதல் தண்ணீர் பட்டபோது ஸ்ஸ் என்று ஒரு சத்தம். அவள் ஓஸை ஒவ்வொரு பாத்தியாக நகர்த்தினாள். பதினான்கு பாத்தி நிறைந்து பதினைந்தில் பாதி வந்தபோது மோட்டார் நின்றது.

மத்தியானம் வரவேண்டியவர்கள் பத்தே முக்காலுக்கே வந்துவிட்டார்கள். வேலையாட்கள் யாரும் கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு. காவலாளிகள் ஓடி ஓடி எல்லோரையும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஓட்டினார்கள். நாத்தனார் மோட்டாரின் பக்கத்தில் நின்றதைப் பார்த்த ஒருவன், சத்தம் கேட்கக்கூடாது என்று மோட்டாரை அவனே அணைத்து, அவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். சாக்கை எடுத்துவிட்டு வருகிறேன் என்று அவள் சொன்னாளாம். சாக்கு எங்கே ஓடிவிடப்போகிறது என்றானாம்.

தண்ணிக்காரிக்கு மேலேயிருந்து எல்லாம் தெரிந்தது. எட்டுக் குழாயும் மறுபடி தலை தூக்கி வீசின. வந்தவர்கள் கை தட்டினார்கள். தண்ணீர் வடிகாலில் இறங்கியது, தொட்டிக்கு வந்தது, சாக்கில் முட்டித் திரும்பியது. மேற்கு மூலையில் நீலத் தரையின்மேல் ஒரு பளபளப்பு வந்து, அது மெல்ல மெல்ல அகன்றது. அவள் படியில் இறங்கி ஓடினாள். கீழ்க்கதவு வெளியே பூட்டியிருந்தது. தட்டினாள். காலால் உதைத்தாள். பிறகு சாரத்தில் இறங்கினாள். நாற்பத்தேழு வயது, முழங்கால் வலி, நாற்பது அடி.

அவள் தரையைத் தொட்டபோது, வெளிநாட்டிலிருந்து வந்த சோதனை அதிகாரி அந்த மூலையை நோக்கி ஒரு பந்தை உருட்டிவிட்டிருந்தார். பந்து நன்றாக ஓடி வந்து, குளத்துக்குள் இறங்கி, நின்றது. என்ஜினியரின் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல ஆகியிருந்தது. அதிகாரி வடிகால் ஓரமாகவே நடந்து வந்து, தொட்டியருகே குந்தி உட்கார்ந்து, ஒரு சாக்கின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

"யார் வெச்சது இதை?" என்று என்ஜினியர் கேட்டார்.

ஆகட்டும் வாயைத் திறப்பதற்குள் தண்ணிக்காரி முன்னால் வந்தாள். "நான்தான் சார்."

அதிகாரியோடு ஒரு மொழிபெயர்ப்புப் பெண் வந்திருந்தாள். ஏன் என்று கேட்கிறார் என்றாள். தண்ணிக்காரி கையை மேலே காட்டினாள். நாலு நாள் ஆன தளம், பாத்தியை உடைத்துவிட்டார்கள், தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், வீணாகப் போகிற தண்ணீரைத்தான் எடுத்தேன், ஆளை விரட்டியிருக்காவிட்டால் சாக்கையும் எடுத்திருப்போம் என்று சொன்னாள். நிதானமாகத்தான் சொன்னாள். நடுவில் குரல் ஒரு தரம் உடைந்தது. அழுகை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அழுகை இல்லை. அந்தப் பெண் இரண்டு வரியில் எதையோ சொன்னாள். என்ஜினியர் பத்து வரியில் எதையோ சொன்னார். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார்.

"என்னம்மா எழுதினார்?"

"வடிகால்ல குறை இல்லையாம். அடைப்புதானாம். தரை பாஸ்."

"மேல வந்து பாக்கச் சொல்லு."

அந்தப் பெண் கேட்டாள். அதிகாரி தண்ணிக்காரியைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார், கையை விரித்தார்.

"அவர் பட்டியல்ல தரை மட்டும்தானாம்மா. கட்டடம் வேற யாரோ பாப்பாங்களாம்."

"அந்த வேற யாரோ எப்ப வருவாங்க? விழுந்த பிறகா?"

இதை அந்தப் பெண் மொழிபெயர்க்கவில்லை.

அதிகாரியும் அந்தப் பெண்ணும் கம்பளத்தில் நடந்து போனதும் ஆகட்டும் அவள்மேல் பாய்ந்தான். பதினான்கு மாத உழைப்பு, நாட்டின் மானம், ஒரு கிழட்டு மாடு வந்து முட்டி எல்லாவற்றையும் கவிழ்க்கப் பார்த்தது என்றெல்லாம் பேசினான். அவள் அவனைத் தாண்டிப் போனாள். என்ஜினியரிடம்தான் பேசினாள்.

"சார், மருந்து அடிச்சாச்சுன்னு கையெழுத்து போட்டீங்களாமே."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"மேல வாங்க. டின்னைக் காட்டுறேன். உங்க கையாலயே திறங்க."

என்ஜினியர் ஆகட்டுமைப் பார்த்தார். ஆகட்டும் வீரனின் படத்தைப் பார்த்தான். என்ஜினியர் கதவைத் திறக்கச் சொல்லிப் படியேறினார், அவள் பின்னால் போனாள். டின் அங்கேதான் இருந்தது. அவர் மூடியில் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு தூணருகே போய்க் கோடுகளை எண்ணினார். மூன்று நாளுக்கு ஆறு ஆறாகப் பதினெட்டு. நான்காம் நாள் எத்தனை மணி நேரம் காய்ந்தது என்று கேட்டார். நேற்று ஆறு மணியிலிருந்து இன்று பத்து வரை என்றாள். அவர் உட்கார்ந்து தளத்தைத் தொட்டுப் பார்த்தார், நனையாத பாத்தி ஒன்றில்.

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே நீங்க."

"சொல்லத்தான் சார் வந்தேன், காலையிலயே ரெண்டு தரம். உங்க ரூம் வாசல்ல செருப்போட நிக்காதேன்னு அனுப்பிட்டாங்க. செருப்பைக் கழட்டிட்டு நின்னேன். அப்பவும் அனுப்பிட்டாங்க."

அவர் எழுந்தார். தண்ணீர் வரும் என்றார். ஆனால் சர்வதேச அதிகாரி முன்னால் நடந்தது மேலே வரை போய்விட்டது, வடிகாலை அடைத்தவரை வைத்துக்கொள்ள முடியாது, தன் கையில் இல்லை என்றார்.

"உங்க கையில இருந்தது கையெழுத்து ஒண்ணுதான். அதையும் பாக்காம போட்டீங்க" என்றாள் அவள். ஓஸைச் சுருட்டிச் சாரத்தில் தொங்கவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றி அந்த டின்னின்மேல் வைத்துவிட்டு இறங்கினாள்.

அடுத்த நாள் காலை ஏழு பத்துக்கு வாசலில் காவலாளி அவள் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டான். நாத்தனாரை உள்ளே விட்டான். மேலே போகும் குழாயை மறுபடி சேர்த்திருந்தார்கள், ஆறு மணி முதல் ஒன்பது வரை தண்ணீர் வந்தது. ஆகட்டும் வழக்கம்போல வேலையில் இருந்தான். கம்பளத்தைச் சுருட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். தண்ணிக்காரி இரண்டு பஸ் மாறி, கடைத்தெருவுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்த ஒரு வாகன நிறுத்தத்துக்குப் போய் வேலை கேட்டாள். வியாழக்கிழமை தளம் போடுகிறோம், வெள்ளிக்கிழமை வா என்றார்கள். பதினொன்றரைக்கு நாத்தனார் கைபேசியில் கூப்பிட்டு, இரண்டு பாத்தி ஒழுகுகிறது, கரைக்குக் கலவை எப்படி என்று கேட்டாள். சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஆறு, தண்ணீர் குறைவாக, என்று சொன்னாள்.

சாயங்காலம் நாத்தனார் வந்து சாக்குத் தூசியை உதறிவிட்டு உட்கார்ந்தாள். பதினெட்டும் நிறைந்திருக்கிறது என்றாள். படிக்கட்டுப் பக்கத்து மூலையில், தண்ணீருக்கடியில், முழ நீளத்துக்கு முடி மாதிரி ஒரு கோடு தெரிகிறது என்றாள்.

எவ்வளவு அகலம் என்று தண்ணிக்காரி கேட்டாள்.

"நகம் வெச்சுப் பாத்தேன் அண்ணி. இறங்கல."

நாளைக்கும் வைத்துப் பார் என்றாள்.